கடையில் இருந்தவள் பெயர்

டெஸ்மண்ட் ஆறரைக்கு எழுந்தான். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான். தேநீர் வைத்தான். டப்பா மாட்டிறைச்சியில் பாதியை ரொட்டியில் வைத்துத் தின்றான், மீதியை நாய்க்குப் போட்டான். போலீஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் கிளப்பினான். ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பழங்குடி ஊரான எமுபோரில் எல்லாரும் அப்படித்தான். குளிர்காலத்தில் வண்டிக்குப் பின்னால் நாய் படுத்திருக்கும், சில சமயம் ஆளும்.

ஊர்ப் போலீஸ்காரனான அவன் இருந்தது காவல் நிலையத்தின் பின்னறையில். மனைவி இறந்த வீட்டை வழக்கப்படி விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. அதே பெயர் கொண்ட பள்ளி டீச்சரை இப்போது குமஞ்சாய் என்கிறார்கள். செத்தவர்களோடு பெயர் போய்விட்ட எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான்.

விமான ஓடுதளத்தின் ஓரப் பள்ளத்தில் ஊர்ப் பொது டொயோட்டா மூக்குக் குத்தி நின்றது. பின் விளக்கு ஒன்று உடைந்திருந்தது. உள்ளே லிண்ட்சே தூங்கிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது.

"வண்டிய எடுத்தது நீயாடா?"

"இல்லண்ணே. இங்கதான் நின்னுச்சு, சாவியோட. குளிரு தாங்கல, ஏறிப் படுத்துட்டேன்."

சாவி மேவிஸ் அத்தையிடம் இருக்க வேண்டியது. சிறுநீரக நோயாளிகளை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போகிறவள் அவள். வீட்டில் ஆள் இல்லை. கடையில் வேலை செய்யும் சின்ன மேவிஸுக்கு அத்தையின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவளைக் கேட்டான்.

"ராத்திரி பஸ்ல ஆலிஸ் போனாலும் போவேன்னாங்க. போயிருப்பாங்க."

காலை பத்து மணி. டெஸ்மண்ட் ரெக்ஸை உட்கார வைத்து ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டான். ரெக்ஸ் ஊர்க் கால்பந்து அணியின் தலைவன். டெஸ்மண்டின் மனைவிக்கு அண்ணன்.

"நேத்து வண்டி கேட்டு மேவிஸ் அத்தையோட சண்டையாமே?"

"சண்டை என்ன சண்டை. மேட்சுக்குக் கேட்டேன், தரலை. அவ்வளவுதான் மச்சான்."

"ராத்திரி?"

"வீட்ல டிவில மேட்ச் பாத்தேன். நம்ம ஆளுங்க வழக்கம்போல தோத்தாங்க."

"காலைல?"

"கடைக்குப் போனேன். குமஞ்சாய்தான் கல்லாவுல இருந்தா, வேணும்னா கேட்டுப் பாரு. பழைய ரொட்டிய என் தலைல கட்டிட்டா."

டெஸ்மண்ட் சிரித்துவிட்டுக் கருவியை நிறுத்தினான்.

நண்பகலில், தின்னத் தேனெறும்பு தோண்டப் போன பெண்கள் பழைய பம்ப் கொட்டகைக்குப் பின்னால் அத்தையின் உடலைக் கண்டார்கள். விலா நொறுங்கியிருந்தது. இழுத்துப் போட்ட தடம் இருந்தது. கொட்டகையின் முன்னால் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. அழுகை வீடு வீடாகப் பரவியது. அதன்பின் எமுபோரில் அவள் பெயர் இல்லை. இந்தக் கதையிலும் இல்லை.

மூன்று மணிக்குத் துப்பறியும் அதிகாரி ஹாலரன் சிறு விமானத்தில் வந்து இறங்கினார். லிண்ட்சேக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். ஒவ்வொரு கேள்வியிலும் இறந்தவள் பெயரைச் சொன்னார். சொன்ன போதெல்லாம் லிண்ட்சே தலையைத் தொங்கப் போட்டான்.

"வண்டிய ஓட்டினது நீதானே?"

"ஆமா பாஸ்."

"அந்தம்மா வந்தாங்க. இடிச்சிட்டே."

"ஆமா பாஸ்."

"பயந்து போய் இழுத்து மறைச்சே."

"ஆமா பாஸ்."

ஹாலரன் வெளியே வந்து சிகரெட் பற்ற வைத்தார்.

"பேரச் சொன்னதும் தலை தொங்குது, பாத்தியா? குத்த உணர்ச்சி. எத்தனை பேர பாத்திருக்கேன். அஞ்சு மணி ப்ளேன்ல இவனக் கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க சார். நேத்து இங்க ரயில் வந்துச்சான்னு."

எமுபோரில் தண்டவாளமே கிடையாது. ஹாலரன் உள்ளே போய்க் கேட்டார்.

"ஆமா பாஸ்."

"நீளமான ரயிலா?"

"ஆமா பாஸ்."

ஹாலரன் பேனாவைக் கீழே வைத்தார். "இவன் என்ன பொய்யனா?"

"மரியாதைக்காரன் சார். வெளியூர்ப் பெரியவங்க கேட்டா எங்க ஆளுங்க ஆமான்னு சொல்லி அனுப்பி வைப்பாங்க. தலை குனிஞ்சதும் மரியாதைதான். செத்தவங்க பேர சொல்லக் கூடாது. நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"சரி, அப்ப யாரு? ப்ளேன் கிளம்பறதுக்குள்ள சொல்லு. இல்லன்னா எங்கிட்ட இருக்கறது இவன் மட்டுந்தான்."

லிண்ட்சே டெஸ்மண்டின் கையைப் பிடித்தான். "அண்ணே, என்னை அந்த ரயில்லயா கூட்டிட்டுப் போறாங்க?"

டெஸ்மண்ட் காலையில் பதிவானதைப் போட்டுக் கேட்டான். மறுபடியும் கேட்டான். பிறகு ரெக்ஸைக் கூட்டி வரச் சொல்லிக் கருவியை மறுபடி பதிவில் போட்டான்.

"காலைல கடைல யாரு இருந்தா, மச்சான்?"

"அதான் சொன்னேனே. குமஞ்சாய்."

"எந்தக் குமஞ்சாய்?"

"டீச்சர்."

"டீச்சர் எப்பலேர்ந்து ரொட்டி விக்கிறாங்க?"

டெஸ்மண்ட் ஹாலரன் பக்கம் திரும்பினான்.

"பத்து மணிக்கு ஊர்ல ஒருத்தருக்கும் சாவு தெரியாது சார். கடைப் பொண்ணு அப்ப தன் பேரோடதான் இருந்தா. நானே அந்தப் பேரச் சொல்லித்தான் இவன விசாரிச்சேன். இவன் மட்டும் அவளக் குமஞ்சாய்ங்கறான். அந்தப் பேர்ல ஒருத்தி செத்தாச்சுன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பொய் சொல்ல வாய் வந்துச்சு. அந்தப் பேரச் சொல்ல வரல."

"நீ காலைலயே பிடிச்சிருக்கணுமே?"

"ஒரு வருஷமா அந்த வார்த்தை என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு சார். இப்பல்லாம் நான் அதக் கேக்கறதில்ல."

ரெக்ஸ் நாற்காலியில் நிமிர்ந்தான். "அவதான் வண்டிக்கு முன்னாடி வந்து நின்னா. முடிஞ்சா என் மேல ஏத்திட்டுப் போடான்னா. கண்டபடி திட்டினா."

"முன்னாடியா? உடைஞ்சது பின் விளக்கு. அந்தத் துண்டு பம்ப் கொட்டகை முன்னாடி கெடக்கு. நீ சுத்தி வந்து பாக்காம ரிவர்ஸ் எடுத்திருக்கே."

ரெக்ஸின் தோள்கள் இறங்கின.

"அந்தப் பையன் உள்ள உக்காந்து ஆமா ஆமாங்கறான். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

ஹாலரன் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். "தம்பி, நீ வண்டிய ஓட்டல. வீட்டுக்குப் போ."

"ஆமா பாஸ்" என்று எழுந்தான் லிண்ட்சே.

டெஸ்மண்ட் கருவியை நிறுத்தவில்லை.

"அவ திட்டினாளா?"

ரெக்ஸ் மேசையைப் பார்த்தபடி இருந்தான். "இல்ல. ராத்திரி மறுபடி போய்க் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சாவியக் குடுத்து, வண்டி நின்ன கொட்டகை வரைக்கும் கூட வந்தா. நான் பாட்டு சத்தமா வச்சேன்."

"அப்புறம்?"

"ஜன்னல் கிட்ட வந்து ஏதோ சொன்னா. சரி சரின்னேன். ரிவர்ஸ் போட்டேன். அதுக்கப்புறந்தான் மச்சான் அவ சொன்னது மனசுல ஏறிச்சு."

"என்ன சொன்னா? நிஜமா சொன்னதச் சொல்லு."

"'பின்னாடி ஒரு லைட்டு எரியலடா. இரு, போய்ப் பாத்துட்டு வரேன்.'"