அன்னாசி வாசனைக்காரி

நறுக்...

செருப்புக்கு அடியிலிருந்து வந்த சத்தம் அது. அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி ஒன்று, இரண்டு சில்லும் நொறுங்கி, ஒரு கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு படியில் கிடந்தது.

வெளியே மழை. சும்மா மழை இல்லை... எதிர்ச் சாரியே தெரியாத மழை. ஒதுங்க வந்த கூட்டமெல்லாம் அந்தக் கட்டடத்தின் வாசற்படியில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. யாருடைய முழங்கையோ இடித்து யாருடைய கண்ணாடியோ விழுந்திருக்கிறது. அதைப் போய் மிதிக்க அவள்தானா கிடைத்தாள்? மாடியில் இருக்கும் கண்ணாடிக் கடையில் பார்வை அளந்து கண்ணாடி பொருத்துவதுதான் அவளுக்கு வேலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

கண்ணாடிக்கு உரியவன் படியில் குந்தியபடி தரையைத் தடவிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... பெரிய கண்கள். இமையெல்லாம் மழைத்துளி. எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல், அவள் முகத்தைத் தாண்டி எங்கேயோ மிதந்துகொண்டிருந்தன. இவ்வளவு அழகான கண்களை இவ்வளவு தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"யாருங்க அது? பழக்கடையையே தூக்கி மேல கொட்டிக்கிட்டு வந்தா, காலுக்குக் கீழ என்ன கிடக்குன்னு எப்படித் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தொண்டை வரை வந்த மன்னிப்பு அப்படியே திரும்பிப் போனது. கண்ணாடியைச் சொல்லியிருந்தால் அவன் காலில் விழக்கூட அவள் தயார். வாசனையைச் சொன்னான் அல்லவா... அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

அந்த வாசனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். போட்டதும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல மூக்கில் சுள்ளென்று ஏறும். உடனே அன்னாசி, நன்றாகப் பழுத்த அன்னாசி. அதன் பின்னாலேயே கொய்யா. சாயங்காலம் ஆனால், பாகு காய்ச்சிய பாத்திரம் போல ஓர் இனிப்பு மணிக்கட்டில் தங்கி நிற்கும். அடக்கம் ஒடுக்கம் என்ற பேச்சே அதனிடம் கிடையாது. அவள் வருவதற்கு முன்பே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அவளோ சின்ன வயதிலிருந்தே இருக்கிற இடம் தெரியாதவள். அறைக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். "ஐயோ, நீ இங்கயா இருக்கே?" என்று அப்புறம் வந்து போடுவார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை... அதுதான் இன்னும் வலித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடையில் இந்த வாசனையைத் தெளித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் முகம் சுளித்தார், ஒரு குழந்தை அம்மாவிடம் பழம் கேட்டது. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் இங்கே இருக்கிறேன் என்று வாயைத் திறக்காமலே சொல்ல முடிகிறதே... இதை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

விடவும் இல்லை. சம்பந்தம் பேச வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், இந்த வாசனைதான் கொஞ்சம்... என்று இழுத்தாள். போய்க் கழுவிவிட்டு வா என்று அம்மா கண்ணைக் காட்டினாள். இவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்தச் சம்பந்தம் போயிற்று. அம்மாவின் புலம்பல் இன்னும் போகவில்லை.

அப்படிப்பட்டவள், கடைக்குள் வந்து குடையை மடித்து வைத்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பினால்... கதவுக்கு வெளியே, சுவரைத் தடவித் தடவி அவன் வந்துகொண்டிருந்தான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் தெரியாவிட்டால் என்ன, மூக்கு இருக்கிறதே. பின்கட்டுக்கு ஓடினாள். குழாயைத் திறந்து, சோப்பைக் குழைத்து, கழுத்தையும் மணிக்கட்டையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். துடைத்துக்கொள்ளும்போதுதான் உறைத்தது. ஒரு குடும்பமே எதிரில் உட்கார்ந்து கேட்டும் செய்யாததை, இவனுக்குப் பயந்து செய்துவிட்டாள்.

பரிசோதனை அறை சின்னது. விளக்கை அணைத்துவிட்டால் எதிர்ச் சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக நிற்கும். சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் வைத்து, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டாள். தினமும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவனிடமும் கேட்டாள்.

"முதல்ல போட்டதா, ரெண்டாவதா... எது தெளிவா இருக்கு?"

"ரெண்டாவது," என்றான் சாதுவாக.

அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையாம் அவனுக்கு. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன் என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள். அப்போது அவனே ஆரம்பித்தான். கீழே ஒரு பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டானாம். பாவம், அவள் திருப்பி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாளாம். எப்படியாவது கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

"முகம் தெரியாது. ஆனா அந்த வாசனை போதும், இருட்டுலகூடச் சொல்லிடுவேன்," என்றான்... இருட்டில், அவள் மூச்சுப் படுகிற தூரத்தில்.

சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், ஏன் கழுவினாய் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டுமே. மென்று விழுங்கிவிட்டாள்.

புதுக் கண்ணாடி தயாரானதும் அவளே பொருத்திக் கொடுத்தாள். பெட்டிக்குள் துடைக்கும் துணி ஒன்றையும் மடித்து வைத்தாள். துணிகள் இருப்பது அவள் மேசை இழுப்பறையில். வாசனைப் பாட்டில் இருப்பதும் அதே இழுப்பறையில்தான், அதுவும் மூடி லேசாகக் கசிகிற பாட்டில். அதை அவள் யோசிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வர ஆரம்பித்தான். ஒரு நாள் கண்ணாடி கோணலாக இருக்கிறது என்பான். இன்னொரு நாள் மூக்கில் அழுத்துகிறது என்பான். எந்தச் சட்டமும் தானாக அப்படி வளையாது, யாராவது உட்கார்ந்து முறுக்கினால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"சார், தூங்கும்போது கண்ணாடியைக் கழட்டி வைப்பீங்களா, இல்ல அதோட மல்யுத்தம் பண்ணுவீங்களா?"

"கனவு தெளிவாத் தெரியணும்ல..." என்று அசடு வழிந்தான்.

அந்தப் பெண்ணைத் தேடுவதையும் அவன் விடவில்லை. லிஃப்டில் ஓர் அம்மாள் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டானாம். அவன் சொன்ன விதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அவன் தெருவைக் கடந்து வருவது ஜன்னலில் தெரிந்தால் போதும், பின்கட்டுக்கு ஓட்டம்தான். இப்போதெல்லாம் சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று கடை முதலாளியம்மா குறும்பாகக் கேட்டாள்.

அவனுக்காகக் காத்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்துபோயிற்று. கழுவிக்கொண்டு காத்திருக்கிறோம் என்பதுதான் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வந்தவன் கண்ணாடியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, துணியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"இதுல ஏதாவது வாசனை வருதா, பாருங்க."

எடுத்து முகர்ந்தாள். அன்னாசி. சந்தேகத்துக்கு இடமே இல்லாத அன்னாசி.

"இல்லையே சார்."

அவன் முகம் வாடிப்போயிற்று. வீட்டிலும் அச்சகத்திலும், எங்கே கண்ணாடியைத் துடைத்தாலும் அதே வாசனை வருகிறது என்றான். தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது, கண்தான் இப்படி என்றால் மூக்கும் போயிற்றே என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. இனிமேல் அந்தப் பெண்ணைத் தேடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, துணியை மடித்தபடி தலை நிமிராமல் தொடர்ந்தான்.

"உங்ககிட்ட பேசிட்டுப் போற அன்னிக்கு ஒரு பிழையும் என் கண்ணுல படமாட்டேங்குது. அச்சகத்துல திட்டு வாங்கறேன். எங்க அக்கா உங்களைப் பார்க்கணும்கிறாங்க... நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா? அக்காவுக்கு அமைதியான பொண்ணுங்கன்னா ரொம்பப் பிடிக்கும்."

அமைதியான பெண். சோப்புப் போட்டுக் கழுவிய பெண். கூட்டி வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவையாவது அந்தக் கண்றாவி வாசனையைப் பூசிக்கொண்டு காரியத்தைக் கெடுத்துவிடாதே என்று கெஞ்சினாள். அக்கா மூக்கைப் பொத்தினால்? அவன் எழுந்து போய்விட்டால்? போனால் போகட்டும் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்தது. தன் மூக்கையே நம்பாமல் தலையைக் குனிந்துகொண்டு போனானே, அதை நினைத்தால் இன்னும் அழுகை வந்தது. யாரையோ உள்ளே வைத்துக்கொண்டு விளக்கை அணைக்கிற வேலையை இப்போது அவளே அல்லவா செய்துகொண்டிருக்கிறாள்... அதுவும் தன்னையே உள்ளே வைத்து. போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்தாள். கழுத்தில், மணிக்கட்டில், காதுக்குப் பின்னால்... தைரியத்துக்காகத் தலைமுடியிலும் ஒருமுறை. முதலாளியம்மா தும்மிவிட்டு, இன்றைக்குச் சோப்பு வேண்டாமா என்றாள். வேண்டாம் என்றாள் இவள்.

அன்றைக்கும் மழை. பரிசோதனை அறைக்குள் விளக்கைப் போடாமல் நின்றாள். அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனை மட்டும் முதலில் அனுப்பச் சொல்லியிருந்தாள். நனைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தவன் அறை வாசலில் நின்றுவிட்டான். கையிலிருந்த துணியை முகர்ந்தான். மெல்லக் கையை இறக்கினான். வாசனை துணியிலிருந்து வரவில்லை.

"முதல்ல போட்டதா, ரெண்டாவதா?" என்று கேட்டாள் அவள். "இத்தனை நாள் உங்ககிட்ட பேசினது சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்த பொண்ணு. இப்ப நிக்கிறது உங்க கண்ணாடியை மிதிச்சவ. எது தெளிவா இருக்கு, சொல்லுங்க சார்."

அவன் கையிலிருந்த துணியை விரல்களால் திருப்பினான்.

"அப்போ... அந்தத் துணியில?"

"வாசனை இருந்தது. இல்லைன்னு பொய் சொன்னேன், அது தப்பு. கண்ணாடியை மிதிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லாம போனேன், அதுவும் தப்பு. ரெண்டுக்கும் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா இந்த வாசனைக்குக் கேக்க மாட்டேன். இனிமே யாருக்காகவும் கழுவவும் மாட்டேன்."

அதற்குள் வாசலில் ஒரு நிழல். அக்காதான். நடை வரைக்கும் அன்னாசி வருகிறதே என்று முகர்ந்துகொண்டே வந்தவள், நேராக இவளிடமே கேட்டுவிட்டாள்.

"கொஞ்சம் தூக்கலா இல்லம்மா?"

"ஆமாங்க. தூக்கலாத்தான் இருக்கும்."

ஓடி ஒளியப் பின்கட்டு பக்கத்திலேயே இருந்தது. அவள் கால் அசையவில்லை. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாத கண்களோடு, அந்த அரையிருட்டில், அவன் நேராக இவள் நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி பகலா ஒரு துணியை மோந்து மோந்து பார்த்தியே... இவங்கதானாடா அது?" என்றாள் அக்கா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தான் ஜன்னல் ஓரமாகக் காற்றோட்டமாக உட்கார்ந்துகொள்வதாகவும், பேசி முடித்துவிட்டு வரலாம் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவன் சுவரைத் தடவினான். சுவிட்ச் கையில் பட்டது. விளக்கு எரிந்தது.

"இருட்டுல ஏன் நிக்கிறீங்க?" என்றான். "நீங்க உள்ள இருக்கீங்கன்னு எனக்குத்தான் தெரியுதே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

"பழக்கடைன்னு சொன்னதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்," என்றான். "அன்னிக்குப் படியில ஆளெல்லாம் எனக்கு வெறும் புகை. கண்ணாடி போச்சேன்னு பயம் வேற. அந்தப் புகையில தெளிவா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்... அதைப் போய்த் திட்டிட்டேன்."

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை சார்."

"ரெண்டாவதுதான்." கொஞ்சமும் யோசிக்கவில்லை அவன். "முதல்ல இருந்தவங்களையும் பிடிச்சிருந்தது. ஆனா எப்பவும் ஒரு பவர் குறைச்சலாவே இருந்தது. இப்பதான் சரியா இருக்கு. உங்களைத்தான் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கேன்... இதே வாசனையோட."

அவள் அவன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினாள். அதே துணியால் துடைத்தாள். காதில் பொருத்திவிட்டதும், இத்தனை நேரம் மிதந்துகொண்டிருந்த அந்தக் கண்கள் அவளிடம் வந்து நின்றன. அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "அன்னிக்குப் படியிலயே பிடிச்சது. நீங்க மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா... அங்கயே சொல்லியிருப்பேன்."