அமாவாசையன்று அணைத்த பெட்டி

பிரபாகர் அஸ்தம்பட்டி துப்பறியும் அலுவலகத்துப் படியேறும்போதே கொதித்துக்கொண்டிருந்தார். இளம்பிள்ளையில் எட்டுத் தறி போட்டுப் பட்டுச்சேலை நெய்விக்கும் மனிதர். பொறுமைக்கும் அவருக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை.

"திருடி யாருன்னு எனக்கே தெரியுமுங்க சார். நீங்க நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்" என்றார் துப்பறிவாளர் குழந்தைவேலிடம்.

"முதல்ல உக்காருங்க. என்ன காணாமப் போச்சு?"

விஷயம் இதுதான். சேலை டிசைன் வரையும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதும், டிசைனர் சௌந்தர்யா ஆயுத பூஜையன்று புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை நிறுவினாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர். அதற்குள் பழைய விண்டோஸ். ஆறு மாதம் அருமையாக ஓடியது. போன அமாவாசைக்கு மறுநாள் திறந்தால், அந்த ஆறு மாதமும் அவள் வரைந்து வந்த கல்யாணச் சேலை டிசைன் இல்லை. வேறொரு முதலாளி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது பிரபாகருக்குத் தெரியும். அப்புறம் என்ன, நெசவாளர் எல்லோரும் பார்க்க "திருடி" என்று கத்தித் துரத்திவிட்டார்.

"நகல் ஏதும் இல்லையா?"

"டிசைன் வெளிய போயிருமுன்னு நான்தாங்க வேண்டாம்னேன். டிசைன் காணாமப் போன நாள்லருந்து பிரிண்டரும் வேலை செய்யலைங்க. சனியன் எல்லாம் ஒண்ணாத்தான் வருது."

உதவியாளர் சண்முகப்பிரியா துள்ளினாள். "நிறுவினவளே அழிச்சிருக்கா சார்! அவளுக்குத்தானே எல்லாம் அத்துபடி?"

"பாத்துட்டுப் பேசலாம்" என்றார் குழந்தைவேல்.

இளம்பிள்ளையில் அவர் கேட்டபடி நெசவாளர் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். திருடியின் குட்டு உடையப்போகிறது என்று பிரபாகர் மார்பில் கை கட்டிக்கொண்டார்.

சண்முகப்பிரியா உள்ளிருந்த விண்டோஸைக் குடைந்து பார்த்தாள். அழித்த தடயமே இல்லை. திரையின் பின்னணியில் படம் ஏதுமில்லாமல் வெறும் நீல நிறம்.

"தைப்பூசத்துக்கு இதுல முருகன் படம் வெச்சாளே, அதையும் காணோமுங்க" என்றார் பிரபாகர்.

"பிரிண்டர் எப்ப வாங்கினீங்க?"

"அதுவும் தையிலதானுங்க."

குழந்தைவேல் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "திருடி டிசைனைத் தூக்குவா, சரி. பிரிண்டர் இணைப்பை எதுக்கு எடுத்துவிடணும்? முருகன் மேல அவளுக்கு என்ன கோபம்? இந்தப் பெட்டிக்கு ஆயுத பூஜைக்கு அப்புறம் நடந்த எதுவுமே நினைவில்லீங்க. ஏதாவது கெட்டுப்போனாத் திரும்பி வரலாம்னு, நிறுவின அன்னைக்கு இருந்த நிலையை அவ அப்படியே பதிஞ்சு வெச்சிருக்கா. யாரோ அதுக்குத் திருப்பிட்டாங்க. கடைசியா இதை அணைச்சது யாரு?"

"நான்தாங்க. அமாவாசைக்கு ஆளுங்க வர மாட்டாங்க. முந்தின நாள் அவ திறந்தபடியே விட்டுட்டுப் போயிருந்தா."

"மூடறப்ப ஏதாச்சும் கேட்டுதா?"

"ஆமாங்க. பழைய நிலைக்குத் திருப்பட்டுமான்னு கீழ ஒரு கட்டம். டிக் போட்டேன். எங்க வழக்கம் அதுதானுங்களே! அமாவாசைக்கு நிறுத்தறப்ப, டிசைனுக்கு ஓட்டை குத்தின அட்டையெல்லாம் முதல் அட்டைக்குத் திருப்பி வெச்சுத்தான் தறியை..."

பேச்சு பாதியில் நின்றது.

"தறியில அட்டையைத் திருப்பினாலும் நெய்த சேலை அப்படியே இருக்கும்" என்றார் குழந்தைவேல் மெதுவாக. "இதுல நெய்த சேலையும் சேர்ந்து போயிருமுங்க. இனி மீட்க வழியில்லை."

சண்முகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். முகம் பார்த்திராத பெண் மேல் தானும் பழி போட்டுவிட்டோமே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

அந்தப் பிள்ளை அன்று அழுதுகொண்டே செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனது பிரபாகர் கண்முன் நின்றது. ஐயோ, என்ன வாய் இது! நெசவாளர் பக்கம் திரும்பினார். "சௌந்தர்யா திருடலை. அழிச்சது நான்" என்று உரக்கச் சொன்னார். பிறகு ஃபோனில் அவளை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிரு. வந்துரு சாமி."

மறுமுனையில் சௌந்தர்யா கேட்டாள்.

"ஆளுங்க எல்லாம் கேக்கறாங்களாண்ணா?"

"கேக்கறாங்கம்மா."

"அது போதுங்கண்ணா. எங்கப்பா இனி வெளிய தலைகாட்டுவாரு. ஆனா நான் வரலீங்க. அங்க உக்காந்தா இனிக் கை ஓடாதுங்க."

ஃபோன் அடங்கியது. நெசவாளர்கள் முதலாளி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போய்த் தறியை ஓட்டுங்கப்பா" என்று சொல்லக்கூடப் பிரபாகருக்கு வாய் வரவில்லை.