நான்காவது முகவரி

நான்காவது விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினித் திரையை மறுபடி பார்த்தான். பச்சைதான். ஆறு மாதமாகச் சிவப்பாகவே இருந்து, சுவரில் படிந்த கறை மாதிரி கண்ணுக்குப் பழகிப்போன விளக்கு அது. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அந்த அறையில், ஏசியின் இரைச்சலும் சூடேறிய ஒயர்களின் வாசனையும் மேலே எங்கோ மழை கொட்டுகிற ஓசையும் எப்போதும் போலத்தான் இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவறாமல் வரும் கொட்டாவிகூட வந்தது. விளக்கு மட்டும்தான் வேறு மாதிரி இருந்தது.

அவனுக்குச் சோறு போடுவது ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் இணையதளம். உயிர் போகிற அவசரத்தில் திறக்கிறவர்களிடம் தளம் படுத்துவிட்டது என்று கையை விரிக்க முடியுமா? அதனால் அதே தளத்தை வெவ்வேறு கட்டடங்களில் நான்கு சர்வர்களில் வைத்திருந்தார்கள். ஒருவர் தளத்தின் பெயரைத் தட்டினால், டி.என்.எஸ். என்கிற முகவரிப் பட்டியல் முறைவைத்து ஆளுக்கொரு சர்வருக்கு அனுப்பிவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சர்வரிடமும் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு, அந்தப் பக்கம் ஆளை அனுப்பாது. "மாப்பிள்ளைக்கு சர்வர் வேலைதான், ஆனா ஒரு டம்ளர் தண்ணிகூடக் கொண்டுவந்து வைக்க மாட்டார்" என்று மாமனார் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான்காவது சர்வர் ஆற்றோரக் கிளையில் இருந்தது. வெள்ளத்தில் கிளையே போய்விட்டது. அந்தக் கிளையின் வண்டியும் அதில் போன இரண்டு ஊழியர்களும் கடைசிவரை கிடைக்கவில்லை. சர்வர் மட்டும் கிடைத்தது. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி, கால் நீட்டிக்கொள்ள வைத்திருந்தான். பட்டியலிலிருந்து அதன் முகவரியை எடுக்கும்படி மேலதிகாரி அப்போதே சொன்னார். நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்றே நாள் ஓடிவிட்டது. செத்ததுதானே, அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆறு மாதம். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

பாதத்துக்கு அடியில் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தான். ஒயர் ஏதும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடியில் அழைப்புகளை எடுக்கும் போன் அக்கா. அவள் கீழே இறங்கி வருவதே அபூர்வம்.

"தம்பி, இது மூணாவது போன். எங்கப்பாவை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்தீங்கன்னு ஒரு பொண்ணு அழுவுறா. நம்ம வண்டி எதுவும் அந்தத் தெருப்பக்கமே போகல."

"வேற கம்பெனி வண்டியா இருக்கும்க்கா."

"நம்ம பேருதான் எழுதியிருந்துச்சாம். ரெண்டு பேராம், வாயையே திறக்கலையாம். புக் பண்ணி போனைக் கீழ வைக்கல, வண்டி வாசல்ல நிக்குதாம்." அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். "புக்கிங் நம்பர் மூணுமே நாலுல ஆரம்பிக்குது. நமக்கு அப்படி நம்பரே இப்ப கிடையாதே?"

பதிவு எண்ணின் முதல் இலக்கம் எந்த சர்வர் என்பதைச் சொல்லும். பட்டியலைத் திறந்து நான்காவது முகவரியை அழித்தான்.

அழித்து என்ன பயன்? ஒருமுறை கொடுத்த முகவரியை ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியலில் எழுதியிருந்தது. அதுவரை முகவரியை வாங்கிய போன் பட்டியலை மறுபடி கேட்காது. ஐந்து நிமிடம் என்று வைத்திருக்கலாம். அடிக்கடி கேட்டால் பட்டியலுக்குச் சுமை என்று ஒரு நாளாக்கியது அவனேதான். விளக்கு காலையிலேயே பச்சையாகிவிட்டது என்று திரையில் நேரம் காட்டியது. அப்போதிருந்து தளத்தைத் திறந்தவர்களில் யார் யார் கையில் அந்த நான்காவது முகவரி இருக்கிறதோ!

அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம், "எதுக்கும் நம்ம சைட்டைத் திறந்து வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. உங்க சைட்லயே வண்டி புக் பண்ணிட்டேன்."

"நம்பர் என்ன வந்துச்சு? முதல் நம்பர் மட்டும் சொல்லு."

"நாலு."

அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "கதவைப் பூட்டு. எந்த வண்டி வந்தாலும் ஏறாத. யார் தட்டினாலும் திறக்காத. நான் வேற வண்டியில வர்றேன்."

"பைத்தியமா உங்களுக்கு? குழந்தை துடிக்கிறா!"

"உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். திறக்காத."

"அக்கா, கேட்டுக்கு ஒரு வண்டியை வரச் சொல்லுங்க, என் வீட்டுக்கு!" என்று கத்திக்கொண்டே படியேறி ஓடினான். வெளியே மழையில் பகலே அணைந்துபோயிருந்தது. கேட்டில் வண்டி நின்றது. பின்கதவு திறந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. போன் அக்கா கெட்டிக்காரி, அவள் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திக்கொண்டே தாவி ஏறினான்.

"என் பொண்ணுதான். சீக்கிரம் போங்க" என்றான். முன்னால் இருந்த இருவரும் திரும்பவில்லை. வண்டி பாய்ந்தது. காலடியில் தண்ணீர் தளும்பியது. சேற்று வாசனை. மழைதானே. வண்டியின் முன்கண்ணாடியில் வைப்பர் அசையாமலே கிடந்தது. போனில் மகளின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அதன் ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் செத்துப் பிழைத்தான்.

வீடு வந்துவிட்டது. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யோசிக்க அவனுக்கு மனம் இல்லை. மூன்றாவது மாடி. ஓடினான். கதவைத் தட்டினான்.

போனில் மனைவி கிசுகிசுத்தாள். "வந்துட்டாங்க. தட்டுறாங்க."

"அது நான்தான். திற."

"நீங்கதானே திறக்காதன்னு சொன்னீங்க?"

"சத்தியமா நான்தான். நம்ம வண்டியிலதான் வந்திருக்கேன். திற, நேரமில்ல!"

இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. போன் அக்கா. பதறி எடுத்தான்.

"தம்பி, எங்க போயிட்டீங்க? நம்ம வண்டி இப்பதான் கேட்டுக்கு வந்துச்சு. டிரைவர் உங்களைத் தேடிக்கிட்டு நிக்கிறாரு."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

அவன் கைப்பிடியைப் பாய்ந்து பிடித்தான். கதவைத் தன் பக்கம் இழுத்தான். அவள் உள்ளே இழுத்தாள். விரலளவு திறந்தது. மூடியது.

"விடுங்க! ஏங்க பிடிக்கிறீங்க? பாப்பாவுக்குக் கண்ணு சொருகுதுங்க!"

"திறக்காத."

"ஐயோ, நீங்கதானே திறக்கச் சொன்னீங்க!"

அக்காவின் வண்டி வர இருபது நிமிடம் ஆகும். பாப்பாவிடம் இருபது நிமிடம் இல்லை. அவன் வாய்விட்டு அழுதான். ஆனால் பிடியை விடவில்லை.

கீழே ஸ்ட்ரெச்சரின் சக்கரம் படியில் முட்டியது.

ஒரு படி.

இன்னொரு படி.

அவன் திரும்பவில்லை. திரும்பினால் கை தளர்ந்துவிடும். சக்கரச் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இரண்டு பக்கமும் நனைந்த வெள்ளைச் சட்டைக் கைகள் நீண்டன. சில்லென்ற கைகள். அவசரமே இல்லை. நோயாளியைத் தொடுகிற பக்குவத்தோடு, கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தன.