பூனைக்கு மீசை வரைந்த நாள்

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் படிவம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு மழை ஞாபகம் வந்துவிடும். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மழை... இன்றும் படிவம் வந்திருக்கிறது. வெளியே தூறல் வேறு. பிறகு கேட்பானேன்?

அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அண்ணனிடம் கேட்காமல் அவனுடைய புதுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள். சிக்னலில் சிவப்பு விளக்கு. கொட்டுகிற மழையில் முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. டிராயிங் டீச்சரின் விரல் சும்மா இருக்குமா? ஒரு பூனை வரைந்தாள். பச்சை விழுந்தது... கிளட்சை விட்டாள்... முன்னால் நின்ற பழைய நீலக் கார் நகரவே இல்லை. டமார்.

நீலக் காரிலிருந்து குடைகூட இல்லாமல் இறங்கி வந்தான் அவன். கடைத்தெருவில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி விற்பவன். மழை சொட்டும் இமைகளுக்குக் கீழே, எதையும் நிதானமாகப் பார்த்துப் பழகிய இரண்டு கண்கள்... அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணனோட கார்... சொல்லாம எடுத்துட்டு வந்துட்டேன்..."

"அழாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"இடிச்சது நான். நீங்க என்னத்தப் பாக்கப் போறீங்க?"

அவன் சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அன்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "முன்னால நின்னவன் கிளம்பல, தப்பு அவன் மேலன்னு இன்சூரன்ஸ் படிவத்துல எழுது. இல்லேன்னா வருஷா வருஷம் கிடைக்கிற தள்ளுபடி போயிடும்." அவள் மசியவில்லை. 'தவறு என்னுடையது' என்று எழுதி, படிவம் கேட்டபடி விபத்து நடந்த விதத்தை அழகாகப் படமும் வரைந்து கொடுத்தாள்.

பத்தாம் நாள் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் பக்கத்து நாற்காலியில் அவன்... இருவருக்கும் ஒரே கம்பெனி.

கிளார்க் அம்மா இரண்டு படிவங்களையும் மேஜைமேல் விரித்தாள். "இருபது வருஷமா இந்த சீட்ல உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் 'என் மேல தப்பே இல்ல'ன்னு அடிச்சுப்பாங்க. ரெண்டு பேரும் 'என் மேலதான் தப்பு'ன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான். இப்படி இருந்தா எந்தக் காருக்கும் பணம் வராது. டீ குடிச்சுட்டு வரேன், அதுக்குள்ள பேசி முடிங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அழுத பெண் என்று இரக்கப்பட்டு எழுதியிருக்கிறான்... அண்ணனின் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தாலும் சரி, இவன் இரக்கம் அவளுக்கு வேண்டாம்.

"எனக்காக யாரும் பொய் எழுத வேண்டாம்."

"பொய் இல்லீங்க. பச்சை விழுந்தும் நின்னேனே... அது தப்புதானே?"

"ஏன் நின்னீங்க?"

அவன் தன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினான். 'காரணம்' என்ற இடம் காலி. கீழே இரண்டு கோணல் பெட்டிகள். அவளிடம் படிக்கும் வாண்டுகள் இதைவிட நன்றாக வரைவார்கள். ஆனால் பின்னால் இருந்த பெட்டியின் கண்ணாடியில், உருளைக்கிழங்குக்குக் காது முளைத்த மாதிரி ஒன்று இருந்தது. அதற்கு மீசையும் இருந்தது.

அவள் படிவத்தைக் கையில் எடுத்து அருகில் பிடித்துப் பார்த்தாள்.

"மிரர்ல உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன்," என்றான் தாழ்ந்த குரலில். "ஊர்ல எல்லார் கண்ணையும் பரிசோதிக்கிறவன், சிக்னல் தெரியலன்னு எப்படி எழுதறது... அதான் வரைஞ்சுட்டேன்."

"பூனை நல்லாவே இல்ல," என்றாள்.

"கத்துக் குடுங்க."

கடைசியில் தவறு அவள் பெயரில்தான் போனது. இடித்தவள் நான்தானே என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "இடி வாங்கினதுக்கப்புறமும் இவளக் கேக்கறான்னா நல்லவனாத்தான் இருப்பான்" என்று அவனே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்துவைத்தான்.

இப்போது கடையிலிருந்து நனைந்து வந்தவன், தலையைத் துவட்டியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். காதோரம் நரை. அவள் பேனா 'முந்தைய விபத்து' என்ற கட்டத்தில் நின்றிருந்தது.

"ஒண்ணுன்னு எழுது. தப்பு என்னோடது."

வருடா வருடம் சொல்வதுதான். வருடா வருடம் அவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். இன்று ஏனோ மழுப்ப மனம் வரவில்லை.

"உங்களோடது இல்ல."

"பின்ன?"

"உங்க மிரர்ல உங்க கண்ணு தெரிஞ்சுது... நீங்க பாக்கறீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் பூனைக்கு மீசையே போட்டேன். பச்சை விழுந்தப்பவும் அந்தக் கண்ணத்தான் பாத்துட்டு இருந்தேன்... ரோட்ட இல்ல."

அவன் துண்டை மடியில் போட்டுவிட்டு அவளையே பார்த்தான். பிறகு எழுந்து போய், ஆவி படிந்த ஜன்னலில் விரலால் ஒரு பூனை வரைந்தான். பன்னிரண்டு வருடம் கற்றுக்கொடுத்தும் அது உருளைக்கிழங்காகவே இருந்தது.

மீசையை மட்டும் அவன் போடவில்லை. அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள்.