‘மற்றவை’ என்றொரு மெனு

புதுக் கட்டடத்தின் தளம் இடிந்து விழுந்து ஐம்பத்துமூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அதே மெனுவை ஆறாவது முறையாக அழித்துக்கொண்டிருந்தாள்.

அழிப்பது பெரிய வேலையில்லை. கட்டட வேலைக்குக் கால அட்டவணை போடும் அந்த மென்பொருளில், திரையின் மேலே இருக்கும் பட்டையை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வேண்டாத பொத்தானைப் பிடித்துக் கீழே இழுத்து வெற்றிடத்தில் விட்டால் போதும், காணாமல் போய்விடும். இரண்டு வருடமாக அவள் பிழைப்பே இதுதான். மேஸ்திரிகளுக்கு ஆறு பொத்தான், இன்ஜினியர்களுக்குப் பத்து, மேனேஜருக்கு மூன்றே மூன்று. மேனேஜருக்குத் தொண்ணூறு என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது என்பார். மீதிப் பத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நாளைக்கு விசாரணைக்காரர்கள் வருகிறார்கள், பட்டையைச் சுத்தமாக்கி வை, போன மாதம் எடுத்த ‘மற்றவை’ மெனு மறுபடி வந்திருக்கிறது, அது அறவே இருக்கக் கூடாது என்று காலையில் அவர்தான் சொல்லிவிட்டுப் போனார். அவளும் அழித்தாள். காபி எடுத்துவரப் போய்த் திரும்பினால் பட்டையின் வலது ஓரத்தில் அது உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை, கண் பூத்துப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் இடம் இடதுபக்கம் நகர்ந்து வந்தது. இப்போது எல்லா மெனுவுக்கும் முன்னால் முதலாவதாக நின்றது.

அவளுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. தகரத்தால் அடித்த அந்த அறைக்குள் ஈர சிமென்ட் வாடை நாக்கு வரை வந்து ஒட்டியது, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசி வழியே பிற்பகல் வெளிச்சம் கஞ்சித்தண்ணீர் மாதிரி கலங்கி உள்ளே விழுந்தது, வெளியே இடிபாட்டின் மேல் விரித்திருந்த நீலத் தார்ப்பாய் காற்று வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவது போல் மேலெழுந்து தாழ்ந்தது. அக்கா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றதற்கு, தூசி என்றாள்.

‘மற்றவை’க்குள் நாள் கூலிக்கு வருகிறவர்களின் பட்டியல் இருக்கும். போன மாதம், இடத்தை அடைக்கிறது என்று தொண்ணூறு முணுமுணுத்ததால் அவளே அதைப் பட்டையிலிருந்து இழுத்துப் போட்டாள். தளம் விழுந்த அன்று, கீழே எத்தனை பேர் என்று தீயணைப்புக்காரர் கேட்டபோது, திரையில் இருந்ததை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தாள். இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரையும் உயிரோடு எடுத்தார்கள். கை தட்டினார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அன்று ராத்திரி முகம் கழுவும்போதுதான் அவளுக்கு முட்டு அண்ணனின் ஞாபகம் வந்தது.

தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்க வருகிறவர். அன்றைக்கு நாள் கூலிக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் யாருமில்லாதவர். ஒருநாள் எட்டிப் பார்த்து, என் பேர் இதில் எங்கே தங்கச்சி என்று கேட்டார். காட்டினாள். மற்றவையா, பரவாயில்லை, கல்யாணப் பத்திரிகையிலேயும் நம்மளை ‘மற்றும் உறவினர்கள்’னுதானே போடுறாங்க என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வேறு யாராவது அவரையும் எண்ணியிருப்பார்கள் என்று முதல் நாள் தன்னையே தேற்றிக்கொண்டாள். இரண்டாம் நாள், இனிச் சொன்னால் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டாள்.

மெனுவைத் திறந்தாள்.

ஒரே ஒரு வரி. வேலை: முட்டுப் பிரித்தல். ஆள்: ஒன்று. உழைத்த நேரம்: 53.

அந்தக் கட்டத்தில் யாராவது கையால் எண்ணைப் போட வேண்டும். தானாக ஏறாது. அவள் போடவில்லை. பூஜ்யம் என்று திருத்தினாள்.

53.

வரியையே அழித்தாள். வரி போனது. வந்தது.

தார்ப்பாய் அசையவில்லை. காற்றே இல்லை. எங்கிருந்தோ சத்தம். தகரமாக இருக்கலாம். சூட்டில் தகரம் இப்படித்தான் தட்டும். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

இன்றைக்கு வெயிலே இல்லை.

சுவரில் மணி நாலானது. திரையைப் பார்த்தாள்.

54.

கதவு திறந்தது. தொண்ணூறு. சட்டை கசங்கி, மூன்று நாள் தாடியோடு, அவளைவிடக் களைத்துப்போயிருந்தார். செல்போனைத் திரை தெரியாதபடி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முடிஞ்சுதா என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள்.

“சார், இருபத்திரண்டு இல்ல. இருபத்திமூணு. முட்டு அண்ணன் இன்னும் கீழதான் இருக்கார்.”

அவர் கத்தவில்லை. கேட்காதவர் மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“எல்லாரும் வந்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அரைமணி கழிச்சுப் போன் வருது. கையெழுத்து போட்டாச்சே, என்ன பண்ணச் சொல்ற?”

“யார் போன், சார்?”

மேசைமேல் கவிழ்ந்திருந்த செல்போன் அதிர ஆரம்பித்தது. அதிர்ந்து அதிர்ந்து, தூசியில் கோடு இழுத்தபடி, அவள் பக்கமாக நகர்ந்து வந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

“நேத்து மத்தியானம் வரைக்கும் அவர் கீழேருந்து பேசினார்,” என்றார் தொண்ணூறு. “தண்ணி கேட்டார். அப்புறம் பேச்சு நின்னுடுச்சு. போன் மட்டும் வந்துட்டே இருக்கு.”