ஒரு தகடு போதும்

மணி அடித்ததும் சண்முகவடிவு டீச்சர் பாடத்தை நிறுத்தினார். பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் மல்லாந்து படுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள். டீச்சரும் கரும்பலகைக்கு அடியில் சேலையைச் சரிசெய்துகொண்டு படுத்தார். பேசினால் காற்று செலவாகும், எழுந்து நடந்தால் இன்னும் செலவாகும். சுவரில் இருந்த காற்றுத் துளைகள் மறுபடி இரையத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

செம்மணல் குடியிருப்பில் கொஞ்ச காலமாகவே இதுதான் வழக்கம். செவ்வாய்க் கோளின் பாறைக்கு அடியில் குடைந்த அந்த ஊரில் கடைக்காரர் எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது படுப்பார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே படுத்த கல்யாணமும் ஒன்று நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். எதையும் பழகிக்கொள்ளும் சனம்.

ஊர் முழுவதற்கும் காற்றைச் சுத்தம்செய்து அனுப்பியது மூச்சுக்கணினி என்ற ஒரே இயந்திரம். அதுதான் இப்படித் திடீர் திடீரென்று செத்து விழுந்தது. விழும்போதெல்லாம் ஊர் முழுக்க அந்த மணி அடிக்கும். தானாகவே மறுபடி உயிர்பெற்று எழும். சில வாரம் ஒரு தடவையும் விழாது. சில நாளில் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் இரண்டு தடவை விழும். ஏன் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

கணினிகளைப் பார்த்துக்கொண்டவள் ரோஸ்லின். முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தாள். கம்பிகளை மாற்றினாள். அடுத்துச் சூட்டைச் சந்தேகித்து, விசிறிகளில் அடைந்திருந்த செம்புழுதியை ஊதித் தள்ளினாள். மென்பொருளைத் துடைத்துப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் சில நாள் அமைதி. ஊரே அவளைப் பாராட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

மீதி இருந்தது நினைவு ஒன்றுதான். கணினிக்குள் வரிசையாகச் செருகியிருந்த நினைவுத்தகடுகளில் ஏதோ ஒன்று, கொடுத்ததை ஒழுங்காக வைத்திருக்காமல் மாற்றிச் சொல்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சோதிக்க வேண்டுமானால் மூச்சுக்கணினியை நிறுத்த வேண்டும். அதுவரை காற்றைக் கையால் சுற்றித் தள்ள வேண்டும். அவள் கணவன் பெனடிக்ட், தான் வேலைபார்த்த கீழ்த்தோட்டத்து ஆட்களைத் திரட்டிவந்து, முறைவைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றினான்.

சோதனையில் ஒரு பிழையும் வரவில்லை. தகடுகளின் ஒவ்வோர் அறையிலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எல்லாம் சரி என்றது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றாள் ரோஸ்லின். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பெனடிக்ட் சக்கரத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு வந்து, வியர்வையைத் துடைத்தான். "ஏன் ரோஸ், நாங்க இங்க கெடந்து வேகுதோம். உன் மிஷினு மட்டும் சும்மா குளுகுளுன்னு இருக்கே. வேலை செய்யறப்ப சூடா இருக்கும்லா?"

 அவள் உடனே தோட்டத்திலிருந்து நாற்றுகளுக்குப் போர்த்தும் வெப்பப் போர்வையை வாங்கிவந்து தகடுகளைச் சுற்றிப் போர்த்தினாள். மறுபடி சோதித்தாள். சூடு ஏற ஏற, ஒரு தகட்டின் ஓர் அறையில் ஒன்று என்று எழுதியது பூஜ்யம் என்று வந்தது. தகட்டைக் கழற்றி வேறு செருகுவாயில் போட்டாள். பிழையும் கூடவே போனது. செருகுவாயில் குற்றமில்லை, தகடுதான்.

உதிரித் தகடு கையிருப்பில் இல்லை. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஒரு தகடு குறைந்தாலும் மூச்சுக்கணினி தொடங்கவே மறுக்கும். தண்ணீர்க் கணினியிலும் வெப்பக் கணினியிலும் இருந்தவற்றைத் தொட முடியாது. அதே வகைத் தகடு ஊரில் வேறு ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. நிறையவே இருந்தது.

அது நினைவில்லம். செம்மணலில் இறந்தவர்களைப் புதைப்பதில்லை. உடல் தோட்டத்து உரத்துக்குப் போகும். அவர்கள் வாழ்ந்த காலத்தில் பேசிய பேச்சு முழுவதும் ஒரு நினைவுத்தகட்டில் ஏறி, நினைவில்லத்துச் சுவரில் ஒரு மாடத்தில் அமரும். உறவினர் போய் நின்று பேசினால் அது அவர்கள் குரலிலேயே பதில் சொல்லும். ஆளுக்கு ஒரு தகடு என்பது முதலில் வந்தவர்கள் வகுத்த ஏற்பாடு.

"ராத்திரி போயி ஒண்ண எடுத்துட்டு வந்துரட்டுமா?" என்று வீட்டில் கேட்டாள் ரோஸ்லின். "சாவி என்கிட்டதான இருக்கு."

"கேக்காம எடுத்தா அது திருட்டு" என்றான் பெனடிக்ட். "கேளு. உசிரு வேணும்னா குடுக்க மாட்டாங்களா?"

ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். தலைவர் கோமதிநாயகம் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நியாயமான மனிதர்.

"ஒரு தகடு போதும்" என்றாள் ரோஸ்லின். "யாரையும் அழிக்க வேண்டாம். ஒரு ஆளோட பேச்சு தகட்டுல கால்வாசிகூட இல்ல. ரெண்டு பேர ஒண்ணாச் சேத்துட்டா ஒண்ணு மிச்சமாகும். ஒரு வார்த்தைகூடத் தொலையாது."

கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. எந்த இரண்டு பேர் என்ற கேள்வி எழும்வரைதான் அந்த நிம்மதி.

"எங்க அப்பாவ யாரோட சேக்கப் போற?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"பக்கத்து மாடம்னா வேலை சுலபம்."

"பக்கத்துல இருக்கது யாருன்னு தெரிஞ்சுதான் பேசுதியா? அந்தக் குடும்பத்தோட நாங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டோம்."

அந்தக் குடும்பத்துக்காரர் எழுந்தார். "நாங்க மட்டும் என்ன, உங்க ஆளு கூட ஒட்டிக்கிடக்கத் தவம் கெடக்கோமா?"

முதல் கப்பலில் வந்தவரைச் சேர்க்கக் கூடாது, அது ஊருக்கே மரியாதைக்குறைவு என்றார்கள். பெண்ணை அந்நிய ஆணோடு சேர்க்கக் கூடாது என்றார் ஒரு பெண்மணி. புருஷனும் பெண்டாட்டியுமாக இறந்தவர்களைச் சேர்க்கலாமே என்று ரோஸ்லின் சொன்னதற்கு, அப்படி இறந்த ஒரு தம்பதியின் மகள் உடைந்துபோன குரலில், "அம்மா உசிரோட இருந்தவரைக்கும் அந்த மனுசன்கிட்ட பட்டது போதாதா? இனியாச்சும் தனியா இருக்கட்டும்" என்றாள். 

கடைசியில் ஒருவர் சொன்னார். "அவளுக்கு நெருங்கின ஆளு யாரும் அந்தச் சுவத்துல இல்ல. அதான் இவ்வளவு சுளுவாக் கேக்கா."

கோமதிநாயகம் கைதூக்கச் சொன்னார். இப்போதைக்கு மணி அடித்தால் படுத்துக்கொள்வது, கப்பல் வந்ததும் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. தலைவர் தானும் அதற்கே கைதூக்கினார். அவருடைய தாயும் அந்தச் சுவரில் இருந்தாள்.

பழுதான தகட்டை அதன் இடத்திலேயே செருகிவிட்டு, சூடு ஏறாமல் இருக்க ஈரத்துணி போட்டு மாற்றி மாற்றி விசிறிக்கொண்டிருந்தாள் ரோஸ்லின். தன்னால் முடிந்ததைச் செய்தாள். பல மாதம் அதுவும் உதவியது.

கப்பல் வரச் சில வாரங்களே இருந்தபோது, ஒரு மதியம் மூச்சுக்கணினி விழுந்து எழுந்து, எழுந்த உடனே மறுபடி விழுந்தது. அப்படியே விழுந்துகொண்டே இருந்தது. கீழ்த்தோட்டத்தில் பயிர்களுக்குக் கரியமில வாயு விடும் குழாய் அந்த நேரம் திறந்திருந்தது. மூடச் சொல்ல வேண்டியது மூச்சுக்கணினிதான். தோட்டத்தில் இருந்த இருவரும், பெனடிக்டும் கோமதிநாயகத்தின் தங்கை பாப்பாத்தியும், மணிச்சத்தம் கேட்டதும் பழகியபடி தரையில் படுத்தார்கள். கரியமில வாயு கனமானது. தரையில்தான் தேங்கும்.

ரோஸ்லின் கணினியை நிமிர்த்திவிட்டு ஓடிவந்தபோது இருவரும் தக்காளிப் பாத்திக்கு இடையில் தூங்குகிறவர்கள்போலக் கிடந்தார்கள். பெனடிக்டின் ஒரு கை மார்பின்மேல் மடங்கியிருந்தது. அவள் அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தாள். தலை அவள் தோளில் விழுந்தது. "ஏங்க, எந்திரிங்க, மணி நின்னுட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கப்பல் வந்தது. கேட்டிருந்த அளவுக்கு நினைவுத்தகடுகள் வரவில்லை. பெட்டியைத் திறந்தால் இரண்டுதான் இருந்தன. பூமியில் இந்த வகையை இப்போது செய்வதில்லை என்று ஒரு வரிக் குறிப்பு.

மறுபடி கூட்டம் கூடியது. கோமதிநாயகம் இந்தச் சில வாரங்களில் பத்து வயது மூத்தவர்போல ஆகியிருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"அன்னைக்கு நான் தப்பாக் கைதூக்கினேன்" என்றார். "என் தங்கச்சியும் போயிட்டா, ரோஸ்லின் வீட்டுக்காரரும் போயிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல வேலை பாத்தவங்க, ஒரே இடத்துல கெடந்தவங்க. அவங்களச் சேத்து ஒரு தகட்டுல ஏத்திருவோம். மத்தது மூச்சுக்கணினிக்கு. எங்க குடும்பத்துக்குப் பூரண சம்மதம். வேற சாதி, வேற மதம்னு நாங்க பாக்கல."

இந்தத் தடவை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சண்முகவடிவு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து மேசையருகே வந்தாள். தகடுகளில் ஒன்றைக் கையில் எடுத்தாள். விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா" என்றார் தலைவர் மெதுவாக. "ஒரு வார்த்தைகூடத் தொலையாதுன்னு நீதான் சொன்ன."

"தொலையாதுதான்" என்றாள் ரோஸ்லின்.

"அப்புறம் என்ன?"

அவள் தகட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேசியபோது குரல் திடமாகவே இருந்தது.

"அவருக்குத் தனியா வேணும்ங்க."

 கோமதிநாயகம் மற்றத் தகட்டையும் எடுத்து, பாப்பாத்திக்காக, ரோஸ்லின் கையிலேயே கொடுத்தார். பெட்டியில் மூச்சுக்கணினிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கூட்டம் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவள் மனது நன்றாகவே புரிந்தது.