வரலாம் என்று காட்டிய கை

நான் கையைக் காட்டினால் செத்தவர்களும் நிற்பார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பெரிய நாற்சந்தியில், நட்ட நடுவில் நின்று, கையை ஆட்டியே குடும்பத்தைக் கரையேற்றிய போக்குவரத்துப் போலீஸ்காரன் நான். என் உள்ளங்கையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி நின்றிருக்கிறது. பிரேக் அறுந்த லாரி நின்றிருக்கிறது. ஒரு மத்தியானம் கிழக்கிலிருந்து வந்த மழைகூட நின்று, எதிர்ப்பக்கத்து வண்டிகள் போன பிறகுதான் பெய்தது. இவற்றில் லாரியும் மழையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னவை. முதல் வரியில் மட்டும் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவில்லை. ஆயுள் முழுக்க அளந்துவிட்ட வாயிலிருந்து ஒரே ஓர் உண்மை வந்தது. அது இதுவாகப் போய்த் தொலைந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நான் கேமரா வாங்கியதற்கு என் மனைவிதான் காரணம். "குக்கர் விசில் அடிச்சா கையைக் காட்டி நிறுத்தப் பாக்கறீங்க. வெளில எங்கயாவது போய் எதையாவது பண்ணுங்களேன்" என்றாள். போனேன். எங்கள் பகுதியில் புகைப்படம் பழகுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். லென்ஸின் துளையைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதும் தொழில் விடாது அவருக்கு. "நல்லா அகலமாத் திறங்க... இன்னும் கொஞ்சம்... போதும், அப்படியே வச்சுக்கங்க" என்பார். எங்களில் பாதிப் பேர் வாயையும் திறந்துவிடுவோம்.

நான் சொக்கிப்போனேன், அதை மறைக்கமாட்டேன். வெயிலிலும் புகையிலும் வெந்த கண்ணுக்கு, விடியுமுன் மலையடிவாரத்தில் ஒளி வருவதற்காகக் காத்து நிற்பது எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? நான் சிக்னல் கொடுக்கத் தேவையில்லாமல் தானாக வருகிற ஒரே போக்குவரத்து அது. பனிமூட்டம் தூரத்தைக் காட்டும், ஈரச் சாலை வானத்தைக் காட்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். டாக்டர் சொன்ன முக்கியமான பாடம் வேறு: "வெறும் மலையும் தண்ணியுமா எடுத்தா எவ்வளவு பெருசுன்னு தெரியாது. எறும்பு அளவுக்கு ஓர் ஆள் தூரத்துல நிக்கணும் சார்."

எனக்கு வாய்த்த எறும்பு என் மச்சினன். மனைவியின் தம்பி. பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கார் அவனுடையது, அதனால் கூடவே வருவான். ஆனால் நான் இடது என்று காட்டினால் வலது பக்கம் போவான். "இடதுன்னா உங்களுக்கு இடதா, எனக்கு இடதா? தெளிவாச் சொல்லுங்க அத்தான்" என்று அங்கிருந்தே கத்துவான். ஊரில் அத்தனை பேரும் பணிந்த கைக்கு அவன் ஒருநாளும் பணிந்ததில்லை.

அந்தக் கோடையில் நீர்த்தேக்கம் வற்றியது. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய சாலை மேலே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, விடியற்காலையில் போய் இறங்கினோம்.

கரையிலிருந்து சாலை சரிவாக இறங்கியது. நடுவே போட்ட வெள்ளைக்கோடு சேற்றுக்கு அடியிலும் தெரிந்தது. ஒரு மைல்கல், தொண்டைவரை மண். அழுகிய பாசியும் துருவும் கலந்த வாடை. காற்று இல்லை. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. சாலை பனிக்குள் போய், பனிக்கு உள்ளே எங்கோ மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது.

"தண்ணி ஓரமாப் போய் நில்லு மாப்ள. நான் கை காட்டறபடி நகரு."

"போறேன், போறேன். முதல்ல உங்க கேமரா ஸ்டாண்டை நேரா நிறுத்துங்க" என்றான்.

நான் குனிந்து ஸ்டாண்டோடு மல்லுக்கட்டி நிமிர்ந்தபோது, தண்ணீர் ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். கரிய சின்ன உருவம். இடது என்று காட்டினேன். நகர்ந்தான். கொஞ்சம் வலது. நகர்ந்தான். இன்னும் பின்னால் போ என்று காட்டினேன். பின்னால் தண்ணீர். ஒரு கேள்வி இல்லை, ஒரு கத்தல் இல்லை. முழங்கால் அளவுக்கு அப்படியே பின்பக்கமாக இறங்கி நின்றான்.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கழித்தாவது ஒரு மரியாதை வந்ததே என்று.

எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான். எடுத்து முடித்ததும் பழக்கதோஷம். நாற்சந்தியில் ஒரு பக்கத்தைத் திறந்துவிடுகிற அதே வீச்சில், கையை மார்புக்கு இழுத்து வீசினேன்.

வரலாம்.

உருவம் நடக்கத் தொடங்கியது. நான் பையை எடுக்கக் காருக்குத் திரும்பினேன்.

மச்சினன் முன் சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். காலில் உலர்ந்த செருப்பு.

எனக்குப் பின்னால், பனிக்குள், ஈரக் கால்கள் தாரில் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

பளக்.

பளக்.

"எழுந்திரு மாப்ள. வண்டியை எடு."

"என்னத்தான், படம் எடுத்தாச்சா?"

"நீ அங்க நிக்கலையா?"

"குளிருச்சு. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

வழியெல்லாம் சொன்னேன். "எவனாவது மீன் பிடிக்கறவனா இருப்பான்" என்றான். மீன் பிடிக்கிறவன் என் கைக்கு ஏன் நகர வேண்டும் என்று கேட்டேன். "உங்க கையைப் பாத்தா தெருநாய்கூட நகரும். கடிக்க வரும்" என்றான். வீட்டில் என் மனைவி அந்த நகைச்சுவைக்குச் சாயங்காலம்வரை சிரித்தாள்.

படம் சங்கத்தின் கண்காட்சியில் வாசலுக்கு எதிரே தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். "அந்த ஆள் நிக்கற நிலை இருக்கே, அதுதான் சார் படம்" என்றார் பல் டாக்டர். பக்கத்தில் நின்ற மச்சினன் தொண்டையைக் கனைத்தான்.

"நான்தான் அது."

அதோடு அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருந்தது, அத்தான் எப்படி அவசரப்படுத்தினார், ஒரு நல்ல படத்துக்காகத் தான் எப்படிப் பொறுத்துக்கொண்டான். கூட்டம் கூடிவிட்டது. கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அவன் கார்ல தூங்கினான், நின்னது யாருன்னே தெரியல" என்று நான் சொன்னதற்கு எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். என் கதைகளில் இதுதான் சிறந்தது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மன்றாடினேன். "நீயாவது நம்பு."

"என் தம்பி பொய் சொல்லி நான் பாத்ததில்லை. உங்களை நான் தினம் பாக்கறேன்" என்றாள்.  அன்று முதல் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவன் வாயால், அவள் காது கேட்க, அது நான் இல்லை என்று சொல்ல வேண்டும். பொய்க்காரன் என்ற பெயரோடு செத்தாலும் சரி, பைத்தியக்காரன் என்ற பெயரோடு சாக வேண்டாம் என்றுதான்.

ஏனென்றால் அதற்குள் வேறொன்று தொடங்கியிருந்தது.

மலைப்பாதை ஒன்றை எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது வளைவில் அதே கரிய உருவம். அடுத்து ஒரு பாலம். அதில் இன்னும் கிட்டே. பாலத்தில் அது தனியாக இல்லை. பின்னால் வரிசை.

இதை ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். முன்னால் நிற்பவனுக்கு வழி விட்டால் அவன் மட்டுமா போவான்? பின்னால் எவ்வளவு நேரமாகக் காத்திருப்பவர்களோ, அத்தனை பேரும் கிளம்புவார்கள். அந்தச் சாலையில் எத்தனை காலமாக எத்தனை பேர் ஒரு கைக்காகக் காத்திருந்தார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?

சாலைகளை எடுப்பதை விட்டேன். மலையை விட்டேன். கடைசியில் எங்கள் வாசல் செடியில் ஒரு பனித்துளியை எடுக்கும் நிலைக்கு வந்தேன். துளிக்குள் எங்கள் தெரு தலைகீழாகத் தெரிந்தது. தெருமுனையில் தலைகீழாக ஒரு வரிசை.

மச்சினனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். "துளி ஒரு லென்ஸ் மாதிரி அத்தான். மின்கம்பங்களா இருக்கும்" என்றான். எங்கள் தெருவில் மின்கம்பி எல்லாம் எப்போதோ பூமிக்குள் போய்விட்டது, கம்பமே கிடையாது. அவனுக்கும் தெரியும். கேமராவைத் திருப்பிக் கொடுத்த கை வேர்த்திருந்தது.

அப்போதுதான் டாக்டர் அறிவித்தார்: படத்தில் நின்ற மனிதரை அதே இடத்தில் நிறுத்தி, சங்கம் முழுக்க எடுக்கப்போகிறது. மச்சினனால் எப்படி மறுக்க முடியும்? மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். தம்பியின் பெருமையைப் பார்க்க அக்காவும் வந்தாள்.

அதே விடியல், அதே வாடை. கரை நெடுக ஸ்டாண்டுகள். அவன் சரிவில் இறங்கினான். மஞ்சள் சின்னதாகிக்கொண்டே போய்த் தண்ணீர் ஓரத்தில் நின்றது.

என் போன் அடித்தது.

"அத்தான்." குசுகுசுப்பு. "எனக்குப் பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"ஏன்?"

"தண்ணியில நடக்கிற சத்தம் கேக்குது."

நீள லென்ஸில் பார்த்தேன். மஞ்சளுக்குப் பின்னால் பனி கறுத்திருந்தது. கறுப்பு, தலை தலையாகப் பிரிந்தது. அவனுக்கு மிக அருகில் நின்ற உருவம் அவன் உயரமே இருந்தது. அது நின்ற நிலையை எனக்குத் தெரியும். கண்காட்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அவ்வளவு பயத்திலும் எனக்குக் குறும்பு போகவில்லை. குறும்பா அது? கசப்பு. "முதல்ல ஒண்ணு சொல்லு மாப்ள. அன்னைக்கு நீ எங்க இருந்த?"

போனில் மூச்சு மட்டும்.

"திரும்பிப் பாக்காத. ஓடாத. நான் நிறுத்தறேன், நீ மட்டும் மீறிக்கிட்டு வா."

போனை விட்டுவிட்டு வலது கையை உயர்த்தினேன். உள்ளங்கை முன்னால், விரல்கள் சேர்த்து.

நில்.

நின்றன.

உயிரோடு இருப்பவன்தான் சிக்னலை மீறுவான். மஞ்சள் கோட்டு மட்டும் மெல்ல, மெல்ல, சரிவில் ஏறி வந்தது. கரையில் இருந்தவர்களுக்குப் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரு கிழவன்தான் தெரிந்தான். யாரோ என்னையும் ஒரு படம் எடுத்தார்கள்.

மச்சினன் மேலே வந்தான். முகம் சுண்ணாம்பு. "என்ன வாத்தியாரே, ஆச்சா?" என்று டாக்டர் கேட்டதும் சிரித்தான். "ஒண்ணுமில்ல, குளிர். அத்தான் போன்ல பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தப் பாத்தார்."

சுற்றிலும் சிரிப்பு. நான் கையை இறக்கவில்லை.

"கையை இறக்குங்க. மானம் போகுது" என்றாள் மனைவி.

"மாட்டேன். மாப்ள, சொல்லுடா அவகிட்ட!"

அவன் தரையைப் பார்த்தான். அவள் அழுகையும் கோபமுமாக வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் கையை மடக்குவதுபோல மடக்கி இறக்கிவிட்டாள். நிறுத்திய கையை இறக்கினால் என்ன அர்த்தம் என்று வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும்போது அவன் ஓட்டினான். அக்கா முன் சீட்டில், நான் பின்னால்.  அவன் கண் மட்டும் நொடிக்கொரு தடவை மேலே கண்ணாடிக்குப் போய்வந்தது.

ஊருக்குள் நுழைந்தோம். வேலைக்குப் போகும் நேரம், நல்ல வெயில், என் பழைய நாற்சந்தி. இப்போது அங்கே விளக்குதான். சிவப்பில் நின்றோம்.

பச்சை விழுந்தது.

கார் நகரவில்லை.

"போடா, பச்சை விழுந்துடுச்சு" என்றாள் அக்கா.

அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தான்.  அந்தச் சந்தியில் பச்சை விழுந்து கண் சிமிட்டும் முன்பே பின்னாலிருப்பவன் ஹாரனைப் பிய்த்துவிடுவான். அந்தச் சத்தத்தில்தான் என் ஒரு காது போனது.

ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

கார் முழுக்கப் பாசியும் துருவும் மணத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்கண்ணாடி உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது என்பது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

"ஏன்டா நிக்கற?"

"நான் நகர்ந்தா அவங்களும் நகருவாங்கக்கா."

"யாருடா?"

விளக்கு மறுபடி சிவப்புக்குப் போனது. அவன் குரல் பள்ளிப் பையன் குரலாகச் சுருங்கியிருந்தது.

"அந்தப் போட்டோவுல இருக்கறது நான் இல்லக்கா. நான் கார்ல தூங்கிட்டிருந்தேன். அத்தான் சொன்னது அத்தனையும் நிஜம். அத்தான்... கையைக் காட்டுங்க."